மூன்று பந்துக்கு முன்னால் ஒரு பந்து: ஜக்ளிங் பழகத் தொடங்குபவர்களுக்கு

ஜக்ளிங், அதாவது பல பந்துகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிக்கும் வித்தை, பழக ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே மூன்று பந்துகளைக் கையில் எடுத்துவிடுவார்கள். ஒன்று மேலே போகும், இரண்டாவது அதன் பின்னால் போகும், மூன்றாவது எங்கே போவதென்று தெரியாமல் போகும். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து திரும்பவும் அதே கதை. அரை மணி நேரத்தில் "நமக்கெல்லாம் இது வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். இதில் கையின் குற்றம் எதுவும் இல்லை. பந்து கீழே விழுகிறதே என்று பிடிப்பதைப் பழகிக்கொண்டிருப்பதுதான் கோளாறு. பழக வேண்டியது எறிவதை. பந்து வரவேண்டிய இடத்தில் வந்து இறங்கினால் கை தன்பாட்டில் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் சின்ன வயதிலிருந்தே பிடிக்கத் தெரியுமே.

நான் இதைப் புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் எங்கெங்கோ பறக்கும் பந்துகளைத் தாவித் தாவிப் பிடித்து, அதையே திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பந்து, இடம்

துள்ளாத, உருளாத பந்து வேண்டும். துணியிலோ செயற்கைத் தோலிலோ தைத்து, உள்ளே மணிகளோ தானியமோ நிரப்பிய பந்துதான் தொடங்குபவர்களுக்குச் சரி. விழுந்த இடத்திலேயே கிடக்கும். கையில் வந்து இறங்கும்போது 'தப்' என்று உட்காரும். சுமார் 6.5 சென்டிமீட்டர் விட்டம், 110 முதல் 130 கிராம் வரை எடை இருந்தால் போதும். டென்னிஸ் பந்து அளவில் பொருத்தமாக இருந்தாலும் எடை 60 கிராமுக்கும் குறைவு. வந்ததைக் கை உணர்வதற்குள் துள்ளி வெளியே போய்விடும். பழைய டென்னிஸ் பந்து இருந்தால் சின்னதாக ஒரு கீறல் போட்டு, உள்ளே தானியம் நிரப்பி, டேப் சுற்றிக்கொள்ளலாம். மூன்றும் ஒரே எடையில் இருக்கவேண்டும் என்பது முக்கியம். ஒன்று மட்டும் கனமாக இருந்தால் கை ஒவ்வொரு முறையும் வேறு வேறு விசையில் எறியும். தப்பு எங்கே என்றே தெரியாது.

கட்டிலோ அகலமான மேசையோ முன்னால் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். விழுகிற பந்து இடுப்பு உயரத்திலேயே கிடந்தால் குனிந்து எடுக்கும் வேலை பாதியாகக் குறையும். விளக்குக்கு நேர் கீழே நிற்காதீர்கள். அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசும். விளக்கின் ஆயுளுக்கும் நல்லதில்லை.

உடம்பைத் தயார்படுத்துவது

பந்து எறிவதற்கு எதற்கு உடற்பயிற்சி என்று தோன்றும். அரை மணி நேரப் பயிற்சியில் ஒவ்வொரு கையும் பல நூறு தடவை ஒரே அசைவைச் செய்கிறது. அதோடு விழுந்த பந்தை எடுக்க எத்தனையோ முறை குனிகிறோம். புதிதாகப் பழகுபவர்களுக்கு முதலில் வலிப்பது கை இல்லை, இடுப்புதான்.

முதல் இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே நடங்கள், அல்லது மெதுவாக ஓடுங்கள். உடம்பு லேசாகச் சூடானால் போதும். அப்புறம் தோள்பட்டையைப் பின்பக்கமாகப் பத்துச் சுற்று, முன்பக்கமாகப் பத்துச் சுற்று. முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து முன்கையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். மணிக்கட்டை இரு பக்கமும் சுழற்றுங்கள். விரல்களை நன்றாக விரித்து, முஷ்டியாக மடக்கி, திரும்ப விரித்து இருபது தடவை. கழுத்தை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பினால் போதும். வட்டமாகச் சுழற்ற வேண்டியதில்லை.

நீட்டி இழுத்துப் பிடித்து அரை நிமிடம் நிறுத்தும் நீட்சிகளைத் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். அவை பயிற்சி முடிந்த பிறகு செய்ய வேண்டியவை. தொடக்கத்தில் தேவை அசைவு. கை சில்லென்று இருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்தோ வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்தோ தொடங்குங்கள். குளிர்ந்த விரல்கள் ஒரு நொடி தாமதமாகத்தான் மூடுகிற மாதிரி இருக்கும். அந்தத் தாமதத்தில் பந்து போய்விடும்.

விழுந்த பந்தை எடுக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். அதுவும் ஒரு பயிற்சிதான், கணக்கில் சேராத பயிற்சி.

ஒரே ஒரு பந்து

இதைத்தான் எல்லோரும் அரை நிமிடத்தில் தாண்டிப் போவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை இறுக்காமல் நில்லுங்கள். முழங்கை உடம்புக்குப் பக்கத்தில், முன்கை தரைக்கு இணையாக, உள்ளங்கை மேலே பார்த்தபடி. பந்து விரல் நுனியில் இல்லாமல் உள்ளங்கையின் நடுவில் இருக்கவேண்டும். இப்போது வலது கையைத் தொப்புளை நோக்கிச் சின்னதாக ஓர் அரை வட்டம் போட்டுக் கொண்டுவந்து, அங்கிருந்து பந்தை மேலே விடுங்கள். பந்து கண் உயரத்துக்கு ஏறி, இடது கையின் வெளிப்பக்கமாக இறங்கவேண்டும். கையிலிருந்து அளந்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். இடது கை அதைப் பிடித்து, உள்பக்கமாக அள்ளிக்கொண்டு வந்து, தொப்புள் பக்கத்திலிருந்து வலது பக்கம் விடவேண்டும். வெளியே பிடி, உள்ளே கொண்டுவா, விடு. எதிரே இருந்து பார்த்தால் இரண்டு கையும் சின்னச் சின்ன வட்டம் போடும். பந்து படுத்த எட்டு மாதிரி ஒரு பாதையில் போய்வரும். கேஸ்கேட் என்று சொல்லப்படும் அடிப்படை முறைக்கு இந்த எட்டுதான் எலும்புக்கூடு.

கண் எங்கே? பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிற மாதிரி தெரியுமே, அந்த இடத்தில். கையைப் பார்க்கக் கூடாது. பந்தைக் கீழே வரைக்கும் துரத்திப் பார்க்கவும் கூடாது. உச்சியைப் பார்த்தாலே அது எங்கே இறங்கும் என்று மூளை கணக்குப் போட்டுவிடும்.

எறிதல் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பந்தை விடுங்கள், உச்சிக்குப் போனதும் கண்ணை மூடுங்கள், கையை நகர்த்தாமல் காத்திருங்கள். பத்தில் ஏழெட்டு முறை உள்ளங்கையிலேயே வந்து உட்கார்ந்தால் உங்கள் எறிதல் நம்பத்தக்கது. ஒன்றிரண்டுதான் வந்தது என்றால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இன்னும் கொஞ்சம் பழகுங்கள். வலது கை நன்றாக வந்து இடது கை தடுமாறினால் இடது கைக்கு இரண்டு பங்கு நேரம் கொடுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கட்டுரை முழுவதிலும் வலது, இடதை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இரண்டு பந்து: கெட்ட பழக்கங்கள் பிறக்கும் இடம்

கைக்கு ஒரு பந்து. வலது பந்தை எறியுங்கள். அது உச்சியைத் தொடும்போது இடது பந்தை, வரும் பந்துக்கு உள்பக்கமாக, அதே உயரத்துக்கு எறியுங்கள். இரண்டையும் பிடியுங்கள். நில்லுங்கள். "எறி, எறி, பிடி, பிடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் தாளம் சீக்கிரம் பிடிபடும்.

காதையும் பயன்படுத்துங்கள். பந்துகள் கையில் இறங்கும் சத்தம் "தப்... தப்" என்று இடைவெளி விட்டு வரவேண்டும். இரண்டும் ஒன்றாக "தபதப்" என்று வந்தால் பந்துகளை ஒரே நேரத்தில் விட்டிருக்கிறீர்கள்.

இங்கேதான் எல்லோரும் செய்யும் அந்தப் பெரிய தப்பு நடக்கும். வலது பந்து மேலே போகும். இடது கை தன்னிடம் இருப்பதை மேலே எறியாமல், குறுக்காக வலது கைக்குக் கொடுத்துவிடும். சொல்லாமலே வரும் பழக்கம் இது. ஒரு கை எறிய, மறு கை குறுக்காகக் கடத்த, பந்துகள் வட்டமாகச் சுற்றும் முறையும் தனியாக இருக்கிறது, ஷவர் என்பார்கள். அது கேஸ்கேடைவிடக் கடினம், ஏனென்றால் ஒரு கையே எல்லாப் பந்தையும் உயரமாக எறிய வேண்டும். முதல் வாரத்தில் அது கையில் படிந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இதற்கு மருந்து எளிது: பிடிக்காதீர்கள். எறி, எறி, அவ்வளவுதான். இரண்டையும் தரையில் விழ விடுங்கள். முதல் பந்து இடது காலுக்கு முன்னால், இரண்டாவது வலது காலுக்கு முன்னால், ஏறக்குறைய ஒரே கோட்டில் கிடக்கவேண்டும். பிடிக்கவேண்டும் என்ற பதற்றம் போனதும் இடது கை ஒழுங்காக மேலே எறியத் தொடங்கும். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும், பந்தை மேலே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து இடது கையிலிருந்து தொடங்குங்கள். இந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது பந்து

வலது கையில் இரண்டு, இடது கையில் ஒன்று. வலது கையில் ஒரு பந்தைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்திருக்க, இன்னொன்று கட்டை விரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் இடையில் முன்னால் இருக்கட்டும். முன்னால் இருப்பதுதான் முதலில் போகும்.

உடனே மூன்றையும் எறிய வேண்டாம். மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பந்துப் பயிற்சியையே செய்யுங்கள். மூன்றாவது வலது கையில் சும்மா இருக்கும். கையில் ஒன்று இருக்கும்போதே இன்னொன்றைப் பிடிக்கப் பழகுவதுதான் நோக்கம்.

அது வந்ததும், மூன்று எறிதல், மூன்று பிடித்தல், நிறுத்தம். வலது, இடது, வலது. ஒவ்வொரு பந்தும் முந்தையது உச்சிக்கு வந்த பிறகே கிளம்பவேண்டும். முடிவில் பார்த்தால் இரண்டு பந்துகள் இடது கையில் இருக்கும். அப்படியே இடது கையிலிருந்து அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுங்கள். இரண்டு கைக்கும் சமமான பயிற்சி தானாகவே கிடைக்கும்.

ஒவ்வொரு பந்தும் ஒருமுறை எறிந்து ஒருமுறை பிடிபட்டால் அதை ஃப்ளாஷ் என்பார்கள். ஒவ்வொன்றும் இருமுறை, அதாவது மூன்று பந்துக்கு ஆறு பிடி வந்தால் 'ஜக்ளிங் செய்தாயிற்று' என்று ஜக்ளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மூன்றிலிருந்து நான்கு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். கூட்டும்போது ஒரு நிபந்தனை: நீங்கள் நினைத்த எண்ணிக்கையில் நீங்களே நிறுத்தவேண்டும். ஐந்து என்று முடிவு செய்தால், ஆறாவதும் வரும்போல் இருந்தாலும் ஐந்தோடு பிடித்து வைத்துவிடுங்கள். கீழே விழுவதால் நிற்பதும் நீங்கள் நிறுத்துவதும் ஒன்றல்ல. முன்னதில் கை ஒவ்வொரு முறையும் குழப்பத்தோடு முடிக்கிறது. திரும்பத் திரும்பச் செய்வதுதானே பழக்கம், குழப்பமும் பழகிப்போகும்.

முன்னால் நடந்துபோகும் வியாதி

மூன்று பந்து ஓரளவு ஓடத் தொடங்கியதும் இது வரும். ஒவ்வொரு எறிதலும் கொஞ்சம் கொஞ்சம் முன்னால் போக, நீங்களும் பின்னாலேயே நடப்பீர்கள். நான் அறையின் ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலையில் அலமாரியில் மோதி நின்றது பலமுறை. காரணம் அவசரம். இரண்டு பந்தும் மோதிவிடுமோ என்ற பயத்தில், இரண்டாவதை உள்பக்கமாக எறிவதற்குப் பதிலாக முன்பக்கமாகத் தள்ளிவிடுகிறோம்.

சுவரைப் பார்த்து, முழங்கை மடக்கிய கைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவர் இருக்கும்படி நில்லுங்கள். முன்னால் போகும் பந்து சுவரில் பட்டுச் சொல்லிவிடும். இன்னொரு வழி, முழங்காலிட்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ பழகுவது. நடக்க முடியாததால் எறிதல் தானே திருந்தும். ஒவ்வொரு பந்தும் உங்கள் நெற்றியை நோக்கி ஏறுவதாக நினைத்து எறிவதும் உதவும்.

வேகம் கூடிக்கொண்டே போகிறதா? பந்துகள் தாழ்வாகப் போகின்றன என்று அர்த்தம். கையிலிருந்து 50 சென்டிமீட்டர் ஏறும் பந்து திரும்பி வர ஏறத்தாழ 0.64 வினாடி ஆகும். 25 சென்டிமீட்டர் மட்டுமே ஏறினால் 0.45 வினாடிதான். பாதி உயரம் குறைந்தால் நேரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பறிபோகிறது. ஆகவே வேகமாக ஓடும்போது கையை விரைவாக்க முயலாமல் கொஞ்சம் உயர்த்தி எறியுங்கள். மேலே போன பந்து வந்துதான் ஆகவேண்டும், அதுவரை காத்திருக்கலாம்.

கைகள் மெல்ல மெல்ல மார்பு உயரத்துக்கு ஏறிவிடுவதும் இதன் தம்பிதான். பந்தை எட்டிப் பிடிக்கப் போகிறோம் என்று பொருள். அதை இடுப்பு வரைக்கும் வரவிடுங்கள்.

பந்துகள் நடுவானில் மோதினால் இரண்டில் ஒன்று: தொப்புள் பக்கத்திலிருந்து விடாமல் பிடித்த இடத்திலிருந்தே விடுகிறீர்கள், அல்லது இரண்டு கையும் வெவ்வேறு உயரத்துக்கு எறிகின்றன. இரண்டாவதை நாமே கண்டுபிடிப்பது கடினம். கைபேசியை நெஞ்சு உயரத்தில் எதிரே நிறுத்தி, மெது இயக்கத்தில் ஒரு நிமிடம் படம் பிடித்துப் பாருங்கள். நான் முதன்முறை பார்த்தபோது என் இடது கை எறிவது வலதைவிட நான்கு விரல் தாழ்ந்திருந்தது. அதுவரை இரண்டும் சமம் என்று சத்தியம் செய்திருப்பேன்.

ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்கலாம்

இருபது நிமிடம் போதும். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் போராடுவதைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல். நேற்று மாலை எத்தனை முயன்றும் வராதது இன்று காலையில் முதல் முயற்சியிலேயே வருவதை நீங்களே பார்ப்பீர்கள். உறக்கத்தின்போதும் மூளை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. 2004-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில், மூன்று மாதம் மூன்று பந்து ஜக்ளிங் பழகியவர்களின் மூளையில் அசைவைப் பார்த்து உணரும் பகுதியில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. பழகுவதை விட்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அது குறைந்திருந்தது.

உடம்பைச் சூடாக்க மூன்று நிமிடம். ஒரு பந்து இரண்டு நிமிடம், இரண்டு பந்து மூன்று நிமிடம். உங்களுக்கு மூன்று பந்து நூறு பிடி ஓடினாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள். அன்றைக்குக் கை எப்படி இருக்கிறது என்று அந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும். அப்புறம் எட்டு நிமிடம் அன்றைய வேலை. அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இன்று உயரம், நாளை இடது கைத் தொடக்கம், மறுநாள் சுவர்.

இந்த எட்டு நிமிடத்துக்கு என்னிடம் ஒரு விதி இருக்கிறது. வரவேண்டிய இடத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலகிய பந்தை எட்டிப் பிடிப்பதில்லை. விழட்டும். விழுந்த பந்து எறிதலில் இருந்த தப்பைக் காட்டுகிறது; தாவிப் பிடித்தால் அந்தத் தப்பு மறைந்துபோகும். கடைசி நான்கு நிமிடம் விதி கிடையாது. எத்தனை பிடி வருகிறது என்று எண்ணலாம், தாவலாம், தெரியாத வித்தையெல்லாம் செய்து பார்க்கலாம்.

மணிக்கட்டிலோ முழங்கையின் வெளிப்பக்கத்திலோ குத்துகிற மாதிரி வலி வந்தால் அன்றைக்கு அதோடு சரி. தசை அசதி வேறு, குத்தும் வலி வேறு. இரண்டு மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்கு, ஐந்து பற்றிக் கொஞ்சம்

மூன்று பந்தில் ஐம்பது பிடி சாதாரணமாக வரும்போது நான்கைப் பற்றி யோசிக்கலாம். ஆச்சரியம் என்னவென்றால் நான்கு பந்து மூன்றின் தொடர்ச்சி இல்லை. கைக்கு இரண்டு பந்துகள், ஒரு கையின் பந்து மறு கைக்குப் போவதே இல்லை. ஃபவுண்டன் என்று பெயர். ஒரே கையில் இரண்டு பந்தை உள்ளிருந்து வெளியே வட்டமாக எறியப் பழகி, அதை இரண்டு கையிலும் தனித்தனியாகக் கொண்டுவந்து, பிறகு சேர்க்கவேண்டும்.

ஐந்தோ மறுபடியும் கேஸ்கேட்தான். ஆனால் உயரம்? தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் ஒரு ஜக்ளர். பந்து பறக்கும் நேரம், கையில் இருக்கும் நேரம், கை காலியாக இருக்கும் நேரம் மூன்றையும் இணைத்து ஒரு சமன்பாடே எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு கையும் பாதி நேரம் பந்தோடும் பாதி நேரம் காலியாகவும் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், மூன்று பந்தில் ஒரு பந்து கையில் இருக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு பறக்கவேண்டும். ஐந்து பந்தில் நான்கு மடங்கு. பறக்கும் நேரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். நடைமுறையில் கை கொஞ்சம் விரைவாக ஓடுவதால் அவ்வளவு தேவைப்படாது. ஆனாலும் ஐந்து பந்துக்காரர்கள் ஏன் அண்ணாந்தே இருக்கிறார்கள் என்பது இதில் புரியும். உயரம் கூடக்கூட எறிதலில் ஒரு விரற்கடைப் பிசகும் கீழே வரும்போது ஒரு சாணாக விரிந்துவிடும். ஐந்துக்குத் தயாராவதற்குள்ள நல்ல பயிற்சி, மூன்று பந்தையும் உயரமாக எறிந்து, மூன்றும் வானில் இருக்கும்போது ஒருமுறை கைதட்டிவிட்டுப் பிடிப்பது.

முடிக்கும்போது

கடைசி எறிதல் சுத்தமானதாக இருக்கட்டும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று களைத்த கையோடு இருபது தடவை போடுவதைவிட, மூன்று எறி, மூன்று பிடி, நிறுத்தம். அதோடு விடுங்கள்.

இப்போதுதான் நீட்சிகளுக்கு நேரம். ஒரு கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, மறு கையால் விரல்களைக் கீழ்நோக்கி மெதுவாக இழுத்து இருபது வினாடி. அப்புறம் உள்ளங்கை கீழே பார்க்க, புறங்கையைப் பிடித்து உங்களை நோக்கி அதேபோல் இருபது வினாடி. இரண்டு கைக்கும். பிறகு இரு கைகளையும் இடுப்பில் வைத்து லேசாகப் பின்னால் சாய்ந்தால், இவ்வளவு நேரம் குனிந்து குனிந்து பந்து பொறுக்கிய முதுகுக்கு இதமாக இருக்கும்.

பந்துகளைப் பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். வந்துபோகும் வழியில், கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கட்டும். தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிப் பத்து எறிதல் போட்டுப் பார்க்கலாம்.